கேண்டியின் நாய் சாகும் காட்சி கதைக்கு எதற்கு?

1937-இல் வெளிவந்த ஜான் ஸ்டெய்ன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' குறுநாவலில் கிழவர் கேண்டியின் நாயைக் கொல்வது கதைக்குத் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைதான். கதையின் முடிவுக்கு ஒத்திகையே அங்கேதான் நடக்கிறது.

நாய்க்குக் கண் தெரியாது, பல் இல்லை, நாற்றம் வேறு. பிடரியில் சுட்டால் வலிக்காது என்று சொல்லி பண்ணைக் கூலியாள் கார்ல்சன் அதைக் கூட்டிக்கொண்டு போகிறான். அப்புறம் கூலியாட்கள் தங்கும் கொட்டகையில் யாருக்கும் பேச்சு ஓடவில்லை. கூலியாட்களில் ஒருவனான ஜார்ஜ் சீட்டைக் கலைக்கிறான். தரைக்கடியில் ஏதோ கொறிக்கிற சத்தம். வெடி கேட்டதும் கேண்டி மெல்ல சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். கடைசிக் காட்சியைவிட எனக்கு இதுதான் கனமான இடம்.

கேண்டி பயப்படுவது தனக்காகவும்தான். பண்ணை வேலையில் ஒரு கையை இழந்தவர். அதற்கு ஈடாகக் கிடைத்தது 250 டாலர். உழைக்க முடியாமல் போனால் என்ன கதி என்று கண்ணால் பார்த்துவிட்டார். அதனால்தான் ஜார்ஜும் அவன் கூட்டாளி லென்னியும் பேசுகிற சொந்த நிலக் கனவில் சேமிப்பைப் போடத் துடிக்கிறார். நாயை நானே சுட்டிருக்க வேண்டும், வேறு ஆளை விட்டிருக்கக் கூடாது என்று பிறகு ஜார்ஜிடம் சொல்கிறார்.

முடிவில் லென்னி, பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவியைத் தெரியாமல் கொன்றுவிடுகிறான். கர்லியின் ஆட்கள் லென்னியைப் பிடிப்பதற்குள், ஆற்றங்கரையில் ஜார்ஜ் தானே அவனைச் சுடுகிறான். அதே கார்ல்சனின் துப்பாக்கி, அதே பிடரி.