ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று மேனேஜர் கேட்டால்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து எட்டு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அப்ரைசலில் மேனேஜர், ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்றார். எனக்கு வாயே வரவில்லை. வேலை ஓடுகிறது, சம்பளம் வருகிறது, ஆனால் என்ன வேண்டும் என்று தெரியவில்லை. எம்பிஏ படிக்கட்டுமா, டீம் லீட் ஆகப் பார்க்கட்டுமா, அண்ணா?"

தம்பி, வாய் வராததற்கு வெட்கப்பட வேண்டாம். அந்தக் கேள்வியை அதுவரை நம்மிடம் யார் கேட்டார்கள்? 2005இல் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சிலிங்குக்கு உட்கார்ந்திருந்தபோது திரையில் காலி இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. நான் தேடியது இசிஇ. அப்பா தேடியது கல்லூரியின் பெயர். அவர் பார்த்த கல்லூரியில் மெக்கானிக்கல் மட்டும்தான் மீதி. ஐந்து நிமிடத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆகிவிட்டேன். (அது எனக்குப் பிடித்துப்போனது சும்மா அதிர்ஷ்டம்.) அப்புறம் கேம்பஸில் எடுத்த கம்பெனி, கம்பெனி போட்ட ப்ராஜெக்ட், ப்ராஜெக்ட் கொண்டுவந்து இறக்கிய ஜெர்மனி. அது 2011.

இங்கே எனக்கு வாய்த்தது பம்ப் சோதனை வேலை. எங்கள் டெஸ்ட் பெஞ்சில் முப்பது வருடமாக நின்ற ஷ்வாபியப் பெரியவர் ஒருவர் இருந்தார், இந்தப் பகுதிக்காரர். பம்ப் ஓட ஆரம்பித்ததும் முதலில் உள்ளங்கையை அதன் மேல் வைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். அப்புறம்தான் கிராஃப் பக்கம் திரும்புவார். பேரிங் போகப்போகிறது என்று அவர் சொல்லி, சென்சார் பிறகு ஒத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். மூன்றரை மணிக்குக் கை கழுவிவிட்டு "ஃபைராபென்ட்" (இன்றைய வேலை முடிந்தது) என்று கிளம்பிவிடுவார். நீங்கள் ஏன் மேனேஜர் ஆகவில்லை என்று ஒருநாள் கேட்டேன். எதற்கு என்பதுபோல் பார்த்தார். "அந்த ரூமில் பம்ப் இல்லையே" என்றார்.

அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. கூடப் படித்தவன் எல்லாம் பெங்களூரில் மேனேஜர் ஆகிவிட்டான், நான் மட்டும் எண்ணெய்க் கறையோடு நிற்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஆறாவது வருடம் டீம் லீடர் பதவி வந்தது, வாங்கிக்கொண்டேன். ஊரில் அம்மா தெரு முழுக்கச் சொன்னார். இரண்டு வருடம் நான் செய்ததெல்லாம் எக்செல்லில் ஆள் கணக்கு, யாருக்கு எப்போது லீவு, யார் யாரோடு பேசுவதில்லை என்ற பஞ்சாயத்து. ஞாயிறு சாயங்காலமானால் வயிற்றைப் பிசையும். கண்டுபிடித்தது நானில்லை, என் மனைவி. "முன்னெல்லாம் நான் கேட்காமலே பம்ப் கதை சொல்லுவீங்க. இப்ப ஆளுங்களைப் பத்திதான் பேசறீங்க, அதுவும் புலம்பறீங்க" என்றாள்.

அதைத்தான் முதலில் கவனியுங்கள் என்பேன். யாரும் கேட்காமலே எந்த வேலையைப் பற்றி வாய் திறக்கிறீர்கள்? எம்பிஏ ஆசையும் டீம் லீட் ஆசையும் பெரும்பாலும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வருபவை.

திரும்ப டெஸ்ட் பெஞ்சுக்கே போகிறேன் என்று கேட்டபோது என் மேலாளர் அதைத் தோல்வியாகப் பார்க்கவில்லை. இங்கே பல கம்பெனிகளில் நிபுணராகவே மேலே போகத் தனிப் பாதை உண்டு. இந்த மாநிலத்து மெட்டல் துறை ஒப்பந்தத்தில் 17 ஊதியப் படிகள். மேல் படிக்கு ஏற, கீழே ஆள் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. எனக்குக் கொஞ்சம் சம்பளம் குறைந்தது, உண்மைதான். அம்மா மட்டும் போனில் குரலைத் தாழ்த்தி, "என்னப்பா, இறக்கிட்டாங்களா?" என்றார். இன்னும் முழுசாக நம்பவில்லை.

ஆனால் இதெல்லாம் எனக்குச் சாத்தியமானது கையில் பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வந்த பிறகு. நீங்கள் ப்ளூ கார்டில், அதாவது படித்தவர்களுக்கான வேலை அனுமதியில், இருக்கிறீர்கள். முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும், அவர்கள் மறுக்கவும் முடியும். சம்பள வரம்பு வேறு இருப்பதால் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வதும் சிக்கல். ஜெர்மன் மொழியில் பி1 (நடுத்தர நிலை) இருந்தால் 21 மாதத்தில் பிஆருக்குப் போகலாம், ஏ1 (தொடக்க நிலை) மட்டும் என்றால் 27. விசா பயம் இருக்கும்வரை எது ஆசை, எது பயம் என்றே பிரித்துப் பார்க்க முடியாது. எனக்கு முடியவில்லை. ஊரில் கல்விக் கடன் இருந்தால் அதையும் முதலில் அடைத்துவிடுங்கள்.

பி1 என்பது பிஆருக்கு மட்டுமில்லை. ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு எனக்கு என்ன வேலை பிடிக்கும் என்று யோசிப்பது, ராத்திரி பத்தரைக்கு மெஸ்ஸுக்குப் போய், இட்லி மட்டும்தான் இருக்கு என்று மாஸ்டர் சொன்ன பிறகு, எனக்கும் இட்லிதான் பிடிக்கும் என்று உட்காருவது மாதிரி. ரோட்டெபூல் பிளாட்ஸில் இருக்கும், பெரியவர்களுக்கான கல்வி மையமான ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலேயில் மாலை வகுப்புகள் நடக்கின்றன. நான் நான்கு வருடம் தள்ளிப்போட்டேன், நீங்கள் செய்யாதீர்கள்.

இன்னொன்று, நம்மவர்கள் பலர் பயன்படுத்தாதது: பில்டுங்ஸ்சைட், அதாவது படிப்பு விடுப்பு. நம் மாநிலமான பாடன்-வுர்ட்டம்பர்க்கில் 2015 முதல் சட்டம். பத்துப் பேருக்குக் குறையாத இடத்தில் ஒரு வருடம் வேலை செய்துவிட்டால், வருடத்தில் ஐந்து நாள் சம்பளத்தோடு படிக்கப் போகலாம். அங்கீகரிக்கப்பட்ட வகுப்பாக இருக்க வேண்டும், பல வாரம் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும், வகுப்புக் கட்டணம் நம் கையிலிருந்து. (பக்கத்து பவேரியாவில் இது கிடையாது, அங்கே போன நண்பர்களிடம் பெருமையடிக்கலாம்.) நான் டீம் லீடர் ஆன பிறகு ஆள் நிர்வாக வகுப்பு ஒன்றுக்குப் போனேன். மூன்றாம் நாள் எல்லோரும் சண்டையைத் தீர்த்துவைக்கும் நாடகம் நடித்துக்கொண்டிருக்க, நான் மேஜைக்கு அடியில் பெஞ்ச் டேட்டா பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்புக்குப் பதவி வாங்குவதற்கு முன் போயிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். உங்களுக்கு டீம் லீட் ஆசை இருந்தால் அப்படி ஐந்து நாள் உட்கார்ந்து பாருங்கள். ஒருவேளை உங்களுக்கு அது பிடித்தும் போகலாம்.

சரி, மேனேஜருக்கு என்ன பதில் சொல்வது? ஐந்து வருடத்தை விட்டுவிடுங்கள். "அடுத்த வருடத்தில் பக்கத்து டிபார்ட்மென்டில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைக்குமா?" என்று கேளுங்கள். எந்த டிபார்ட்மென்ட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பெயர் மட்டும் தயாராக இருந்தால் போதும், மீதியை அவரே தாளில் எழுதிக்கொள்வார். அவர்களுக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே.