அக்கா மகனின் கேங் வழக்கு: மேல்முறையீட்டில் எது எடுபடும்?

தம்பி, கலிபோர்னியாவில் உங்கள் அக்கா மகனை, தெருக் கும்பலில் பங்கேற்றான் என்று ஜூரி குற்றவாளியாக்கிவிட்டது. அப்பீல் போனால் சாட்சிகளை மறுபடி விசாரிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டார்கள். நம் ஊரில் முதல் கோர்ட்டு தண்டித்ததை மேல்கோர்ட்டு அலசி விடுதலை செய்வதைப் பார்த்த கண்ணுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். இங்கே மூன்று நீதிபதிகள் பழைய விசாரணையின் எழுத்துப்படியைத்தான் படிப்பார்கள். புது சாட்சி, புது ஆதாரம் கிடையாது.

முதலில் தேதி. பெரிய குற்றமென்றால் தண்டனை விதித்த நாளிலிருந்து 60 நாளுக்குள், விசாரித்த கோர்ட்டிலேயே அப்பீல் நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் அப்பீல் கோர்ட்டே ஒருவரை நியமிக்கும். அவரைக் குறைவாக எடைபோடாதீர்கள். இவர்களில் பலருக்கு அப்பீல்தான் முழுநேர வேலை.

கும்பலில் பங்கேற்பதைத் தண்டிக்கும் சட்டம் 1988-இல் வந்தது, கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் பிரிவு 186.22. கும்பலில் இருப்பது மட்டும் குற்றமில்லை. கும்பல் குற்றம் செய்துவருவது தெரிந்தே, அதன் ஆட்கள் செய்யும் பெருங்குற்றத்துக்குத் துணைபோயிருக்க வேண்டும். தனியாளாகச் செய்த குற்றம் இந்தப் பிரிவில் வராது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. 2022 ஜனவரியில் சட்டம் இன்னும் இறுகியது: கும்பலின் 'பேர்' வளர்ந்தது என்பது மட்டும் போதாது, அதைத் தாண்டிப் பொதுவான லாபம் காட்டவேண்டும். கும்பல் குற்றம் செய்துவருகிறது என்று காட்ட அரசுத் தரப்பு முந்தைய குற்றங்களைச் சொல்லும்; அந்தக் கணக்கில் இப்போதைய வழக்கையே சேர்க்கவும் கூடாது.

எழுத்துப்படி வந்ததும் போலீஸ் 'கேங் நிபுணர்' சாட்சி சொன்ன பக்கங்களைப் பாருங்கள். "இவன் அந்தக் கும்பல்காரன் என்று ரிப்போர்ட்டில் படித்தேன்" என்கிற மாதிரி வருகிறதா? தான் நேரில் அறியாத வழக்கு விவரத்தை உண்மைபோல் சொல்ல அதே மாநில உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பு தடை போட்டது. ஆனால் அந்த இடத்தில், விசாரணையில் வாதாடிய உங்கள் வக்கீல் ஆட்சேபம் சொன்னாரா என்பது முக்கியம். பேசாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் அந்த வாதம் அடிபட்டுப்போகும்.

அப்புறம், பையன் கிரீன் கார்டில் இருந்தால் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் இப்போதே பாருங்கள். அவரைக் கேட்காமல் தாத்தா பாட்டியைப் பார்க்கவென்று ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். திரும்பி வரும்போது இந்தத் தண்டனையைக் காட்டி விமான நிலையத்திலேயே நிறுத்திவிடலாம்.