ஆய் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளியும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. நான்கு நாளைக்கு ஒருமுறைதான் ஆய் போகிறான். வரும்போது கதவுக்குப் பின்னால் நின்று, காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க முக்குகிறான். டாய்லெட்டில் உட்காரச் சொன்னால் ஒரே அழுகை. இடையிடையே ஜட்டியில் தண்ணியாகக் கறை படுகிறது. இது பேதியா, பிடிவாதமா?

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மலச்சிக்கல்தான்.

அவன் முக்கவில்லை, அடக்குகிறான். போக நினைக்கும் பிள்ளை குந்தும். காலைப் பின்னி, விறைத்து, நுனிக்காலில் நிற்கும் பிள்ளை வருவதைத் தடுக்கிறது. எப்போதோ கெட்டியாகப் போய் வலித்திருக்கும். அந்தப் பயம் போகவில்லை. அடக்க அடக்கக் குடல் நீரை உறிஞ்சிக்கொள்ளும், மலம் இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். நாளடைவில் மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதே உறைக்காது. மேலே தேங்கிய இளகிய மலம் கெட்டியானதைச் சுற்றிக் கசிந்து ஜட்டியில் படுகிறது. இது அவனுக்கே தெரியாமல் நடப்பது, திட்டிப் பயனில்லை. பேதி என்று நினைத்து அதை நிறுத்த மருந்தும் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் தேங்கியது வெளியேற வேண்டும். அதற்குக் குழந்தை மருத்துவர் மலத்தை இளக்கும் மருந்தான லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைகால் எழுதித் தருவார். 'மருந்து பழகிவிடுமே' என்று பயந்து, இரண்டு நாள் நன்றாகப் போனதும் பெற்றோர் பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். மலச்சிக்கல் திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். விரிந்த குடல் சுருங்க மாதங்கள் ஆகும். டாக்டர் சொல்லும் வேகத்தில்தான் அளவைக் குறைக்க வேண்டும்.

சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும். காலையும் இரவும் சாப்பிட்ட பிறகு 5 முதல் 10 நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது, கீழே ஒரு ஸ்டூல் போடுங்கள். வரவில்லையா, சரி, உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பால் குடித்தே வயிறு நிரம்பினால் கொய்யா, கீரைக்கு இடம் ஏது?

வீட்டுப் பெரியவர்கள் வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் வைக்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். வலிக்குப் பயந்துதான் பிள்ளை அடக்குகிறான், அந்த இடத்திலேயே இன்னொரு வலியா?

பிறந்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் முதல் மலம் போனான் என்றால், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எடை ஏறாமல் இருந்தாலோ, கால்களில் பலவீனம் தெரிந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள். வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.