விலை கூடிய ஸ்கேட் வாங்கினால் ஐஸ் ஹாக்கியில் வேகம் கூடுமா?

மகள் மார்த்தாண்டத்தில் இன்லைன் ஸ்கேட்டிங் (ஒரே வரிசையில் சக்கரங்கள் உள்ள ஷூவில் சறுக்குவது) பழகுகிறாள், குளிர்காலத்தில் லடாக்கில் ஐஸ் ஹாக்கி முகாமுக்குப் போகிறாள், இருப்பதிலேயே விலை கூடிய ஸ்கேட்டை வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் எழுதுகிறேன். காலுக்கு அளவான ஷூ, சரியாகத் தீட்டிய பிளேடு. இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். விலை அதற்குப் பிறகு.

ஹாக்கி பிளேடு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன். அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. கூரை ஓட்டைக் கவிழ்த்து வைத்தாற்போல நடுவில் குழிந்திருக்கும். அதனால் இரண்டு ஓரங்கள்தான் பனியைத் தொடும். பிளேடு நீளவாக்கில் வழுக்கும், பக்கவாட்டில் பிடிக்கும். இந்தப் பிடி இல்லாவிட்டால் எவ்வளவு பலமாக உதைத்தாலும் கால் சறுக்கிப் போகுமே தவிர உடம்பு முன்னே போகாது. குழியின் ஆரம் அரை அங்குலம் என்பது பலரும் வைக்கும் அளவு. எட்டில் மூன்று அங்குலம் என்றால் குழி ஆழம், பிடி அதிகம். ஆனால் ஓரம் பனியில் கூடுதலாகப் பதிவதால் வழுக்கல் குறையும். எட்டில் ஐந்து என்றால் நேர் எதிர். எடை குறைந்த பிள்ளைகள் அழுத்தும் அழுத்தம் குறைவு, கடுங்குளிரில் இறுகிய பனியும் கடினம். ஆகவே உங்கள் மகளுக்கு அரை அங்குலமோ அதைவிடச் சற்று ஆழமானதோ போதும் என்பேன்.

நீளவாக்கிலும் பிளேடுக்கு மெல்லிய வளைவு உண்டு, ஏறக்குறைய பத்தடி ஆரமுள்ள வட்டத்தின் சிறு துண்டுபோல. வளைவு குறையக் குறைய நேர் ஓட்டம் நன்றாக வரும், திரும்புவது கடினமாகும். தொடக்கத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

ஷூ விஷயத்தில் பெற்றோர் பலர் வளரும் பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக வாங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். குதிகால் உள்ளே அசைந்தால் உதைக்கும் விசை பிளேடுக்குப் போய்ச் சேராது, கணுக்காலும் உள்பக்கம் சாயும். விலை கூடியவை கார்பன் கலவையில் விறைப்பாகவும் எடை குறைவாகவும் இருக்கும். எடை குறைந்தால் காலை வேகமாக மீட்டு அடுத்த உதைக்குக் கொண்டுவரலாம், அது உண்மையான லாபம்தான். ஆனால் அந்த விறைப்பு வளர்ந்த வீரர்களின் பலத்துக்கானது. சிறு பிள்ளையால் அதில் கணுக்காலையே மடக்க முடியாது. முழங்கால் மடங்கித் தாழ்ந்து நின்றால்தான் உதை நீளும்.

கருவியால் வேகம் பாய்ந்த கதையும் உண்டு. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் குதிகால் பிளேடைவிட்டு எழும்பும் கிளாப் ஸ்கேட்டால் வேகச் சறுக்கில் சாதனைகள் சரிந்தன. நொடிக்கு நொடி திரும்பும் ஹாக்கிக்கு அது ஒத்துவராது. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்-இன் வேகப் போட்டியில் 1996-ல் மைக் கார்ட்னர் ஒரு சுற்றை 13.386 வினாடியில் முடித்தார். 2016-ல் டிலன் லார்கின் 13.172-ல் முறியடித்தார், அதுவும் நின்ற இடத்திலிருந்து கிளம்பாமல், முன்பே வேகமெடுத்து வந்து தொடக்கக் கோட்டைத் தாண்டி. இருபது வருடத்தில் ஷூவும் பிளேடும் எவ்வளவோ மாறின. வித்தியாசம் கால் வினாடிகூட இல்லை.

உங்கள் மகள் இன்லைனில் பக்கவாட்டில் உதைக்கப் பழகியது அப்படியே பனியிலும் கைகொடுக்கும். நிற்பதுதான் புதிது: பிளேடைக் குறுக்கே திருப்பிப் பனியைச் சீவி நிற்க வேண்டும், சக்கரத்தில் அந்தப் பழக்கம் வராது. முகாமில் முதலில் அதைக் கேட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புது ஷூவைப் பிளேடு உறையோடு வீட்டுக்குள் தினமும் கொஞ்ச நேரம் போட்டு நடக்கட்டும். எங்கே கடிக்கிறது என்று புறப்படுமுன் தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.