ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடும் தலையிடி

கேள்வி: எனக்கு வயது 34. ஐந்து வருடமாக பைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை. பின்னேரமானால் தலையிடி, தலைச்சுற்று, கண் எரிவு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, வேலை தொடங்க முன்னர் முதலாளி எல்லாருக்கும் மெடிக்கல் செய்வித்தார். இரத்தம், எக்ஸ்ரே, பிரஷர் எல்லாம் நோர்மல். இனிப் பயமில்லைதானே?
– வாசகர், குருநகர்

பதில்: தம்பி, "ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என் மனதில் தைத்தது அதுதான். வேலைக்குப் போனால் வருகிறது, வீட்டில் நின்றால் விடுகிறது. அப்படியென்றால் பட்டறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அந்த மெடிக்கலில் பிழை இல்லை. ஆனால் நீங்கள் நாள் முழுக்கச் சுவாசிக்கும் பொருளை அதில் யாரும் தேடவேயில்லை. படகு கட்டப் பூசும் பிசினான பொலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற இரசாயனம் இருக்கிறது. கண்ணாடி இழைப் பாயில் ரெசினைப் பூசி, குமிழி போக ரோலர் உருட்டும்போது அது ஆவியாகிறது. காற்றைவிடக் கனமான ஆவி. படகின் வயிற்றுக்குள் தேங்கி நிற்கும். நீங்களோ குனிந்து, தலையை அதற்குள்ளே விட்டுத்தான் உருட்டுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் மணம் தெரியாமல் போகும். மூக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆவி அங்கேயேதான் நிற்கிறது.

தலைச்சுற்றோடு நின்றால் பரவாயில்லை. வருடக்கணக்கில் சுவாசித்தால் காது கேட்பதும் நிறங்களைப் பிரித்தறிவதும் மெல்லக் குறையலாம். 2018இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் கூடிய பொருட்களின் பிரிவில் சேர்த்தது.

சரி, என்ன பரிசோதனை? சிறுநீர்தான். உடம்பு ஸ்டைரீனை மண்டெலிக் அமிலம் போன்றவையாக மாற்றி வெளியே விடும். அதன் அளவைப் பார்த்தால் உள்ளே போனது எவ்வளவு என்று தெரியும். ஆனால் வேலை முடிகிற நேரத்தில், வாரக் கடைசியில் என்றால் இன்னும் நல்லது, சிறுநீர் எடுக்க வேண்டும். ஞாயிறு ஓய்வெடுத்து, திங்கள் காலை எடுத்தால் பெரும்பகுதி வெளியேறிப் போயிருக்கும். சிறுநீர் எடுக்கும் அன்று மது குடித்திருந்தாலும் அளவு குறைத்துக் காட்டும். இதோடு காது கேட்கும் பரிசோதனையும் நிறப் பார்வைப் பரிசோதனையும் வேலைக்குச் சேரும்போதும், பிறகு வருடா வருடமும் செய்ய வேண்டும். முதல் அளவு கையில் இல்லாவிட்டால் குறைந்ததை எதோடு ஒப்பிடுவது?

அளவு கூடியிருந்தால் உங்களை வேலையால் நிற்பாட்டுவது தீர்வல்ல. அடுத்து வருகிற பொடியனும் அதே படகுக்குள்தான் குனிவான். ஆவியை இழுத்து வெளியே தள்ளும் மின்விசிறி வேண்டும். ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும். மூக்கில் கட்டும் துவாயும் சாதாரண மாஸ்க்கும் தூசிக்குக் கொஞ்சம் உதவும், ஆவியை மறிக்காது. ரெசினைக் கரைக்கும் அசிற்றோனில் கை கழுவுவதையும் விடுங்கள், சவர்க்காரம் போதும்.

முதலாளி மெடிக்கல் செய்வித்தவர், நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்; இதை அவரிடம் காட்டுங்கள். கேட்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைப் பரிசோதகரிடம் சொல்லலாம். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இதற்காகவும்தான் இருக்கிறது. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரியிடமும் போகலாம்.

அதுவரை பனடோலைப் போட்டுக்கொண்டு இருக்காமல், இந்த வாரமே ஒரு வைத்தியரைப் பாருங்கள். போகும்போது ரெசின் பரலில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன வேலை என்று அவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்.