தொட்டிக்குள் சென்சார்: முதல் மாதம் கவனிக்க

கேள்வி: மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்ட சென்சார் வைத்தால் செல்போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். 2015-ல் அறிவித்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் 100 நகரங்களில் எங்கள் ஊர் இல்லை. நாங்களாகச் சோதித்துப் பார்க்க முடியுமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: தாராளமாக. ஸ்பெயினில் சான்டான்டெர் நகரத்தையே சோதனைக் களமாக்கி, சாலைக்கடியிலும் விளக்குக் கம்பங்களிலும் பேருந்துகளிலும் சுமார் 12,000 சென்சார்களைப் பொருத்தினார்கள். உங்களுக்கு ஒரு தொட்டி போதும். பழைய முறையை மட்டும் உடனே கைவிட்டுவிடாதீர்கள். முதல் 30 நாள் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் ஆள் ஏறி டேப்பால் அளந்து, சென்சார் காட்டியதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மதியக் கணக்குதான் முக்கியம். தொட்டி மூடியில் பொருத்தும் அல்ட்ராசோனிக் சென்சார், ஒலி தண்ணீர்வரை போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுகிறது. 25 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 346 மீட்டர், 45 டிகிரியில் 358. நம் பக்கத்து வெயிலில் தொட்டி மூடிக்குக் கீழே காற்று 45 டிகிரிக்கு ஏறினால், 25 டிகிரி வேகத்தையே வைத்துக் கணக்கிடும் சென்சார் 4 மீட்டர் கீழே இருக்கும் தண்ணீரை 13 செ.மீ. உயர்த்திக் காட்டும். இல்லாத தண்ணீரை நம்பி மோட்டாரை நிறுத்திவிடுவீர்கள். வெப்பத்துக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் சென்சாராகக் கேட்டு வாங்குங்கள்.

தொட்டி நிரம்பினாலும் தண்ணீருக்கும் சென்சாருக்கும் 30 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், அதைவிட நெருங்கினால் பல சென்சார்களுக்கு அளக்க வராது. தண்ணீர் விழும் குழாய்க்கும் உள் ஏணிக்கும் நேராக வைக்க வேண்டாம். சென்சாரின் முகப்பில் நீர்த்துளி படிந்தாலும் அளவு தாறுமாறாகும். குளவி கூடு கட்டினால் சொல்லவே வேண்டாம்.

கேள்வி: பெரிய வீடுகளில் இரண்டாம் கட்டிலிருக்கும் தண்ணீர் மீட்டரின் சிக்னல் தெருவுக்கு வருமா? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: உரிமம் இல்லாமல் இந்தியாவில் பயன்படுத்தக்கூடிய 865–867 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் செய்தி அனுப்பும் ரேடியோ முறை) கருவிகள் திறந்தவெளியில் கிலோமீட்டர் கணக்கில் எட்டும். கனத்த செங்கல் சுவர் நாலைந்தைத் தாண்டும்போது மூச்சு வாங்கும். இரும்பு மூடி போட்ட குழியில் மீட்டர் இருந்தால் இன்னும் மோசம். கேட்வேயை (மீட்டர்களின் செய்திகளை வாங்கும் கருவி) மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் வைத்துவிட்டு, சோதனைக் கருவியோடு வீடு வீடாக நடந்து, ஒவ்வோர் இடத்திலிருந்தும் 50 செய்தி அனுப்புங்கள். வந்து சேர்ந்தவை 45-க்குக் குறைந்தால் மீட்டரை முகப்புப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள்.

செய்தி வந்துவிட்டதென்று அதோடு விடக்கூடாது. எந்த வேகத்தில் வந்தது என்றும் பாருங்கள். லோராவில் வேகத்தை எஸ்.எஃப். என்ற எண்ணால் குறிப்பார்கள், எண் கூடினால் வேகம் குறையும். எஸ்.எஃப்.7-ல் போகும் அதே செய்தி எஸ்.எஃப்.12-ல் போக 20 மடங்குக்கும் மேல் நேரம் பிடிக்கும். எஸ்.எஃப்.12-ல் அனுப்பும் வீட்டு மீட்டரின் பேட்டரிதான் முதலில் தீரும்.

கேள்வி: ஒப்பந்தத்தில் என்ன எழுதிக் கேட்பது? (தேவகோட்டை வாசகர்)

பதில்: பதிவான அளவுகள் முழுவதையும் எக்செல்லில் திறக்கும் கோப்பாக மாதாமாதம் தர வேண்டும். சிம் ரீசார்ஜ் யார் பொறுப்பு, கருவி நின்றால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதையும் எழுதி வாங்குங்கள். தொட்டி ஏணி ஏறும் கூலி யார் தலையில் என்பதையும் சேர்த்து.