கடைத் தயிர்ல உறை ஊத்தினா நாலாவது தடவை ஏன் நூல் மாதிரி இழுக்குது?

கேள்வி: கடையில கப் தயிர் வாங்கி அதுலேர்ந்து ஒரு ஸ்பூன் எடுத்து உறை ஊத்துறேன் மேடம். முதல் ரெண்டு தடவை கெட்டியா தோயுது, நாலாவது தடவை கொழகொழன்னு ஆகிடுது. கிருமிக்கு சாப்பாடு பத்தலையோன்னு சர்க்கரை கூட போட்டுப் பார்த்தேன், சரியாகல. என்ன செய்யலாம்?

பதில்: முதல்ல அந்த சர்க்கரையை நிறுத்துங்க. பால்லயே 100 கிராமுக்கு நாலரை, அஞ்சு கிராம் லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை இருக்கு, கிருமி அதை முழுசா தின்னு தீர்க்குறதுக்குள்ளயே பால் தோஞ்சிடும். அதுலயும் லாக்டோஸை ரெண்டா உடைச்சு குளுக்கோஸை வச்சுக்கிட்டு காலக்டோஸை பெரும்பாலும் வெளியில துப்பிடும், அவ்ளோ தாராளம்.

பஞ்சம் வேற இடத்துல. கிருமி வளர அமினோ அமிலம், அதாவது புரதத்தோட சின்னத் துண்டு, வேணும், பால்ல அது தனியா கொஞ்சம்தான் கிடக்கு, மிச்சமெல்லாம் கேசின்ங்கிற புரதத்துக்குள்ள பூட்டியிருக்கு. கப் தயிர்ல பொதுவா ரெண்டு கிருமி இருக்கும். உருண்டையா இருக்குறது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், குச்சியா இருக்குறது லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் (1905-ல பல்கேரியாக்காரர் ஸ்டாமன் கிரிகோரோவ் கண்டுபிடிச்சது, பேரும் அதான்). உருண்டைக்கு கேசினை வெட்டுற கத்தி பெரும்பாலும் இல்ல, இருந்தாலும் மொண்ணை. குச்சிகிட்ட நல்ல கத்தி இருக்கு, ஆனா அதுக்கு ஃபார்மிக் அமிலம், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் யாராவது தரணும். அதனால உருண்டை முதல்ல கிளம்பி, கிடைச்சதைத் தின்னு, பால்ல இருக்க ஆக்சிஜனைக் குறைச்சு, குச்சிக்கு வேண்டியதை வெளியில விடும், குச்சி எழுந்து கேசினை வெட்டிப் போடும், சிதறுற துண்டை ரெண்டும் தின்னும். ரெண்டும் சேர்ந்தா 42 டிகிரி சூட்டுல நாலஞ்சு மணி நேரத்துல தயிர் ரெடி, தனித்தனியா விட்டா ரொம்ப இழுத்தடிக்கும். பால்லயே காலங்காலமா வாழ்ந்து பழகினதுல ரெண்டுமே பல ஜீன்களைத் தொலைச்சிருக்கு, உருண்டையோட ஜீன்ல பத்துல ஒண்ணு செத்துக் கிடக்கு. ஒண்ணா சமைச்சுப் பழகின வீட்டுல தனி அடுப்பு எதுக்கு?

இப்போ உங்க கொழகொழக்கு வருவோம். நாம ஆறின பால்ல உறை ஊத்தி மேடையில ராத்திரி முழுக்க விட்டுடுறோம். 30 டிகிரில குச்சி சோம்பிடும், உருண்டை மட்டும் ஓடும், கூடவே பாத்திரத்துலேர்ந்தும் காத்துலேர்ந்தும் வர்ற லாக்டோகாக்கஸ், லூக்கோநாஸ்டாக் மாதிரி வேற கிருமிங்க எல்லாம் குடியேறிடும். இதுங்கள்ல சில ரகம் சர்க்கரையைக் கோர்த்து பசை மாதிரி வெளியில விடும், அதான் அந்த நூல். நாலு தடவை அதையே உறையா ஊத்துனா கூட்டணி மாறாம என்ன செய்யும்.

அதனால பாலை நல்லா பொங்க விட்டு அஞ்சு நிமிஷம் சிம்ல காய்ச்சுங்க, நல்லா காய்ச்சின பால்ல கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் தானா உருவாகும், குச்சிக்கு அது போனஸ். விரல் வச்சா சுடணும், ஆனா எடுக்கத் தோணக்கூடாது, அந்தப் பதத்துல லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் உறை போட்டுக் கலக்கி ஹாட்பாக்ஸ்ல வைங்க. பாத்திரத்துல முன்னாடியே கொதி தண்ணி ஊத்தி எடுத்துடுங்க. தோஞ்ச உடனே ஃப்ரிட்ஜ்க்கு மாத்துங்க, ராத்திரியெல்லாம் வெளியில கிடந்து புளிச்சா புளிப்பு தாங்குற குச்சி மட்டும் நின்னு உருண்டை அடி வாங்கும், அந்த உறையும் அடுத்த தடவை மெதுவாதான் தோயும். அடுத்த உறைக்கு வேணுங்கிறதை அன்னிக்கே தனி டப்பால எடுத்து வச்சுட்டு ரெண்டு மூணு நாளைக்குள்ள போட்டுடுங்க. கெட்டியா வேணும்னா சர்க்கரைக்குப் பதிலா ரெண்டு ஸ்பூன் பால் பவுடர் போடுங்க, புரதம் கூடும்.

இப்போ கையில இருக்க கொழகொழ தயிர்ல கெட்ட வாடை இல்லன்னா மோரா அடிச்சுக் குடிச்சிடலாம், ரோஸ், பச்சை, கருப்புன்னு ஏதாவது புள்ளி தெரிஞ்சா யோசிக்காம கொட்டிடுங்க. எப்படியா இருந்தாலும் அதுலேர்ந்து உறை மட்டும் எடுக்காதீங்க, புது கப் வாங்கிடுங்க.